கோவையிலிருந்து நியூயார்க்: எவ்வளவு தூரம், உண்மையில் எத்தனை மணி நேரம்?

பெருந்துறையில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டிக்கெட்டை விரித்து வைத்திருந்தோம். அவங்களுக்கு அது முதல் வெளிநாட்டுப் பயணம், நியூயார்க்குக்குப் பக்கத்தில், நியூஜெர்சி எடிசனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டுக் கேட்டாங்க: “ஏங்கண்ணு, காத்தால அஞ்சு மணிக்குக் கோயமுத்தூர்ல ஏறுனா சாயந்தரம் நாலரைக்கு நியூயார்க்ல எறங்கீரலாமாட்ட இருக்குது. பதினொன்றரை மணி நேரந்தானாக்கும்?”

டிக்கெட்டில் அப்படித்தான் அச்சாகி இருந்தது. ஆனால் அந்தப் பயணம் 21 மணி நேரம். வீட்டு வாசலில் இருந்து அக்கா வீட்டு வாசல் வரை எண்ணினால் 28 மணி நேரத்துக்கும் மேல். இது தெரியாமல் கிளம்புகிறவர்கள் மருந்து, சாப்பாடு, தூக்கம், கூப்பிட வரும் வண்டி என்று எல்லாவற்றையும் தப்பாகத் திட்டம் போட்டுவிடுகிறார்கள். நம்ம பக்கத்தில் இருந்து பிள்ளைகளைப் பார்க்க முதல் தடவை போகிற அப்பா அம்மாக்களுக்கும், அவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கைப் படிப்படியாகச் சொல்கிறேன். நியூயார்க்கை வைத்துச் சொன்னாலும் எந்த ஊருக்கும் இதே வழிதான்.

முதலில் தூரம்

கோவையில் இருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு நேர்த்தூரம் சுமார் 13,530 கிலோமீட்டர். இது பூமி உருண்டையின் மேல் அளந்த மிகக் குறைந்த தூரம். சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் இது வராது, ஏனென்றால் அந்தப் படம் உருண்டையைத் தட்டையாக விரித்தது, வடக்கே போகப் போக எல்லாம் இழுபட்டுப் பெரிதாகத் தெரியும். பிள்ளைகளின் படிப்பு மேசையில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து ஒரு முனையைக் கோவையிலும் மறு முனையை நியூயார்க்கிலும் வைத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் மேற்கே அரபு நாடுகள் பக்கம் போகாது, வடக்கே கொஞ்சம் மேற்காகச் சாய்ந்து ஏறி, நார்வே, ஐஸ்லாந்து பக்கமாகப் போய், அந்தப் பக்கம் கனடா வழியாக இறங்கும். பெரியம்மா வீட்டில் பேரன் உருண்டையில் இதைச் செய்து காட்டினபோதுதான் “அமெரிக்கா மேக்கால இல்லீங்களா?” என்று கேட்ட மாமாவும் சமாதானம் ஆனார்.

கணினியில் பார்க்க ‘கிரேட் சர்க்கிள் மேப்பர்’ என்ற இணையதளம் இருக்கிறது. இரண்டு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீட்டைக் கொடுத்தால் தூரத்தைச் சொல்லி, வளைந்த கோட்டையும் போட்டுக் காட்டும். கோவைக்கு சி.ஜே.பி (CJB), நியூயார்க்குக்கு ஜே.எஃப்.கே (JFK). டிக்கெட்டிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் இந்த எழுத்துகள்தான் இருக்கும், அதனால் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

எந்த வழியாகப் போவது

கோவையில் இருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் கிடையாது. நம்ம ஓடுதளம் ஏறக்குறைய 3,000 மீட்டர்தான். 16, 17 மணி நேரத்துக்கான எரிபொருளையும் ஆட்களையும் பெட்டிகளையும் நிரப்பிக்கொண்டு ஒரு பெரிய விமானம் எழும்ப இன்னும் நீளம் இருந்தால்தான் வசதி. நீட்டிப்பதற்கு நிலம் எடுக்கும் வேலை பல வருடங்களாகப் பேசப்பட்டு வந்தது எல்லோருக்கும் தெரியும். ஆக, எங்காவது ஒரு ஊரில் இறங்கி ஏறியே ஆக வேண்டும். அந்த இடைநிறுத்த ஊரைப் பார்த்து எடுப்பதில்தான் பாதிப் பயணம் இருக்கிறது.

இதற்கு ஒரு எளிய சோதனை. கோவையில் இருந்து இடைநிறுத்த ஊருக்கு எவ்வளவு, அங்கிருந்து போய்ச் சேரும் ஊருக்கு எவ்வளவு, இரண்டையும் கூட்டுங்கள். நேர்த்தூரத்தை விட எவ்வளவு கூடுதலாக வருகிறதோ அதுதான் சுற்று.

அபுதாபி வழி: கோவை-அபுதாபி சுமார் 2,800, அபுதாபி-நியூயார்க் சுமார் 11,030. கூட்டினால் 13,830. சுற்று வெறும் 300 கிலோமீட்டர். தில்லி வழியாக இன்னும் குறைவு. கோவையும் தில்லியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 77 டிகிரியில், ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக இருக்கின்றன. நூல் வடக்கே போகிறது என்று சொன்னேனே, அதனால் தில்லி கிட்டத்தட்ட வழியிலேயே வருகிறது. கோவை-தில்லி 1,950, தில்லி-நியூயார்க் 11,750, மொத்தம் 13,700. சுற்று 170தான். ஆனால் சிங்கப்பூர் வழியாகப் போனால்? சிங்கப்பூருக்கு 3,160, அங்கிருந்து நியூயார்க்குக்கு 15,350. மொத்தம் 18,500, அதாவது 5,000 கிலோமீட்டர் வீண் சுற்று. சிங்கப்பூர்-நியூயார்க் என்பதே உலகத்தின் மிக நீண்ட விமானப் பயணங்களில் ஒன்று, 18 மணி நேரத்துக்கு மேல் ஒரே இருக்கை. டிக்கெட் விலை குறைவாகத் தெரிந்தாலும் அறுபது வயதைத் தாண்டினவர்களை அந்த வழியில் அனுப்பாதீர்கள், தயவுசெய்து.

அதே சிங்கப்பூர், மெல்போர்னுக்குப் போகிறவர்களுக்கு அருமையான வழி. கோவை-மெல்போர்ன் நேர்த்தூரம் 8,880, சிங்கப்பூர் வழியாக 9,200, சுற்று 320தான். திருப்பூரில் இருந்து ஆர்டர் பேசவோ கண்காட்சிக்கோ ஜெர்மனி போகிறவர்களுக்கு வளைகுடா வழி நன்றாகப் பொருந்தும்: கோவை-ஃபிராங்க்ஃபர்ட் 7,540, அபுதாபியில் இறங்கி ஏறினாலும் 7,660க்குள் முடிந்துவிடும். ஒரு ஊர் ஒருத்தருக்கு நல்ல வழியாகவும் இன்னொருத்தருக்குச் சுற்றாகவும் இருப்பது இப்படித்தான், அதனால் பக்கத்து வீட்டுக்காரர் எந்த வழியில் போனார் என்று கேட்டு அதே மாதிரி டிக்கெட் போடாதீர்கள், அவர் போன ஊர் வேறு.

தில்லி வழியில் தூரம் குறைவு என்றேன், ஆனால் அங்கே ஒரு சிக்கல் உண்டு. 2025 ஏப்ரல் கடைசியில் இந்திய விமான நிறுவனங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. தில்லியில் இருந்து மேற்கே போகிற நம்ம நாட்டு விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் வழியாகச் சுற்ற வேண்டி வந்தது, வட அமெரிக்கா போகிற சில விமானங்கள் வழியில் வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் எரிபொருளுக்காக நின்று போயின. உக்ரைன் போருக்குப் பிறகு, 2022 முதல், ரஷ்ய வான்வெளியும் ஐரோப்பிய, அமெரிக்க, கனடா விமானங்களுக்கு மூடிக் கிடந்தது. நூல் பிடித்து அளந்த கோடு பூமியின் கணக்கு. விமானம் போகும் கோடு அரசாங்கங்களும் சேர்ந்து போடுகிற கணக்கு. டிக்கெட் போடும் முன் அதே விமான எண்ணை ‘ஃபிளைட்ரேடார்24’ இணையதளத்தில் போட்டு, கடந்த ஒரு வாரமாக எந்த வழியில் போனது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

தூரத்தை மணி நேரமாக்குவது

பெரிய ஜெட் விமானம் மேலே போனபின் மணிக்கு 900 கிலோமீட்டர் வாக்கில் போகும். ஆனால் ஏறுவது, இறங்குவது, தரையில் உருண்டு போய் வரிசையில் நிற்பது எல்லாம் சேர்ந்துதான் டிக்கெட்டில் வரும் நேரம். நான் போடும் கணக்கு இது: தூரத்தை 850ஆல் வகுத்து, அரை மணி நேரம் சேர்ப்பேன். அபுதாபிக்கு 2,800ஐ வகுத்தால் மூன்றேகால் மணி, அரை சேர்த்தால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சிங்கப்பூருக்கு நாலேகால். அபுதாபி-நியூயார்க் பதிமூன்றரை.

ஆனால் நிஜத்தில் அபுதாபியில் இருந்து நியூயார்க் போக 14 மணி நேரம் வாக்கில் ஆகும், திரும்பி வரும்போது பன்னிரண்டரைதான். இதற்குக் காரணம் காற்று. 10 கிலோமீட்டர் உயரத்தில், வடக்கே ஐரோப்பா, அட்லாண்டிக் பக்கங்களில், மேற்கில் இருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது, மணிக்கு 100, 150 கிலோமீட்டர், குளிர்காலத்தில் அதற்கும் மேல். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற ஆடி மாதத்தில் பல்லடத்தில் இருந்து பொள்ளாச்சிக்கு மொபட் ஓட்டினவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், போகும்போது வண்டி நகராது, வரும்போது பறக்கும். ஆகவே நீண்ட தூரத்துக்கு மேற்கே போனால் அரை மணியோ ஒரு மணியோ கூட்டிக்கொள்ளுங்கள், கிழக்கே வந்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டில் இருக்கும் மணி எந்த ஊர் மணி?

பெரியம்மா ஏமாந்தது இங்கேதான். டிக்கெட்டில் அச்சாகும் ஒவ்வொரு மணியும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் மணி. கிளம்பும் நேரம் கோவை நேரம், சேரும் நேரம் நியூயார்க் நேரம். ஒன்றில் இருந்து ஒன்றை அப்படியே கழித்தால் தப்பான விடைதான் வரும்.

எல்லாவற்றையும் நம்ம ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். வேறு எந்த வழியும் வேண்டாம். அபுதாபி நம்மை விட ஒன்றரை மணி நேரம் பின்னால். நியூயார்க் கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் பின்னால். மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னால் இழுத்துக்கொள்வார்கள். நம்ம நாட்டில் அப்படி ஒரு வழக்கம் இல்லாததால் நமக்கு இது மறந்து போகும்.

பெரியம்மாவின் டிக்கெட் ஜூன் மாதத்துக்கு. கோவையில் காலை 5 மணிக்கு ஏறி அபுதாபியில் 7:30க்கு இறங்கணும். 7:30 என்பது நம்ம ஊரில் 9 மணி, ஆக நாலு மணி நேரம். அங்கே 10:30க்கு அடுத்த விமானம், நம்ம ஊரில் அப்போது மதியம் 12. மூன்று மணி நேரம் இடைவெளி. நியூயார்க்கில் சாயந்தரம் 4:30, நம்ம ஊரில் மறுநாள் அதிகாலை 2 மணி. மதியம் 12ல் இருந்து அதிகாலை 2 வரை 14 மணி நேரம். நாலும் மூன்றும் பதினாலும் கூட்டினால் 21.

வாசலில் இருந்து வாசல் வரை

இப்போது இரண்டு முனைகளையும் சேருங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்விட வேண்டும், அதாவது அதிகாலை 2 மணிக்குப் பீளமேடு விமான நிலையம். பெருந்துறையில் இருந்து சுமார் 70 கிலோமீட்டர், விஜயமங்கலம் சுங்கச்சாவடி, அவிநாசி, கருமத்தம்பட்டி என்று ராத்திரியில் சாலை காலியாக இருந்தாலும், டயர் பஞ்சராவதற்கும் நடுவில் ஒரு டீக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் வையுங்கள். வீட்டில் கிளம்புவது ராத்திரி 12. அந்தப் பக்கம் விமானம் நின்று, பெட்டி வந்து, வெளியே நடந்து, கார் ஏறி, சாயந்தர நெரிசலில் எடிசன் போக இரண்டரை மணி நேரம். அக்கா வீட்டு வாசலை மிதிக்கும்போது நம்ம ஊரில் அதிகாலை நாலரை. ராத்திரி 12ல் இருந்து மறுநாள் அதிகாலை நாலரை வரை, இருபத்தெட்டரை மணி நேரம்.

இந்த எண் கையில் கிடைத்த பிறகுதான் மற்ற முடிவுகளை எடுக்க வேண்டும். பெரியம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை உண்டு. 28 மணி நேரம் என்று சொன்னதும் டாக்டரே எந்த மாத்திரையை எந்த மணிக்கு, நம்ம ஊர்க் கணக்கிலா அந்த ஊர்க் கணக்கிலா என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். நீங்களும் பயண நேரத்தை எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். மருந்தும் சீட்டும் கைப்பையில் இருக்கணும், பெரிய பெட்டியில் போடவே கூடாது. 14 மணி நேரம் உட்கார்ந்தே இருந்தால் கால் வீங்கும், ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு, அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும். ஓரத்து இருக்கை கேட்டு வாங்குங்கள், சன்னல் வேண்டாம். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள், நடக்க முடிந்தவர்களும் கூச்சப்படாமல் கேட்கலாம், பெரிய விமான நிலையங்களில் நடை அதிகம், மொழி தெரியாதவர்களை அது சரியான வாசலில் கொண்டு போய் விட்டுவிடும்.

இடைவெளி எவ்வளவு இருக்கலாம்

ஒரு மணி நேர இடைவெளியோடு ஒரு டிக்கெட், மூன்று மணி நேரத்தோடு ஒன்று என்று வந்தால் மூன்றை எடுங்கள். முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானாலும் பதற வேண்டாம். அபுதாபி வழி என்றால் இன்னொரு காரணமும் இருக்கிறது. அங்கே 2014ல் இருந்து அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகளே உட்கார்ந்து சோதனையை முடித்துவிடுகிறார்கள், அதற்கு வரிசையில் நிற்க நேரம் வேண்டும். ஆனால் அதன் பலன் பெரியது: 14 மணி நேரம் பறந்து களைத்துப் போய் நியூயார்க்கில் இறங்கும்போது மறுபடி அந்த நீண்ட வரிசை கிடையாது, உள்ளூர்ப் பயணி மாதிரி பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரலாம்.

முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக, ஒரே பி.என்.ஆர் எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு தனித்தனி டிக்கெட் என்றால் விலை குறையலாம், ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், பெட்டியையும் நடுவில் நீங்களே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டி வரும். அதற்கு அந்த நாட்டு விசா தேவைப்படலாம். முதல் தடவை போகிறவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

அப்புறம் பெட்டி. ஒப்புட்டு, கச்சாயம், பருப்புப்பொடி எல்லாம் சரி, கொப்பரை மட்டும் வேண்டாம். நம்ம வீடுகளில் கொப்பரை இல்லாமல் பெட்டி நிறையாது என்பது தெரியும், ஆனால் எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் அதைத் தீப்பற்றும் பொருளாகக் கருதுகிறார்கள், பெட்டியைத் திறக்கச் சொல்லி எடுத்து வைத்துவிடுவார்கள், அந்த அரை மணி நேரமும் உங்கள் மூன்று மணி நேரத்தில் இருந்துதான் போகும்.

திரும்பி வரும்போது தேதியைப் பாருங்கள்

போகும்போது மணி குழப்பும், வரும்போது கிழமை குழப்பும். நியூயார்க்கில் வெள்ளிக்கிழமை மதியம் 2 மணிக்குக் கிளம்பினால் அபுதாபியில் சனிக்கிழமை காலை 10:30. அங்கே ராத்திரி 9:30க்குக் கோவை விமானம், வந்து சேர்வது ஞாயிறு அதிகாலை 2:45. டிக்கெட்டில் பார்த்தால் வெள்ளியில் இருந்து ஞாயிறு வரை இரண்டு நாள் மாதிரி தெரிகிறது, நம்ம ஊர்க் கணக்கில் வெள்ளி ராத்திரி 11:30க்குக் கிளம்பி ஞாயிறு அதிகாலை, ஆக இருபத்தேழேகால் மணி நேரம். அதில் 11 மணி நேரம் அபுதாபியில் காத்திருப்பு. போகும்போது மூன்று மணி நேரமாக இருந்த இடைவெளி வரும்போது பதினொன்றாக இருக்கலாம், டிக்கெட் போடும்போது இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஞாயிறு அதிகாலை 2:45 என்றால் சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு வண்டி கிளம்ப வேண்டும். எங்கள் வீட்டில் இதைத்தான் தவறவிட்டோம். ஞாயிறு என்று மட்டும் எல்லோர் மனதிலும் பதிந்திருந்தது, ஞாயிறு ராத்திரிக்கு வண்டி சொல்லி வைத்திருந்தோம். விடிகாலை மூன்றரைக்குப் போன் வந்தது. பெரியம்மா வெளியே நாற்காலியில் பெட்டிகளைக் காலால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாங்க, வெளியே டாக்சி ஓட்டுகிற தம்பி ஒருத்தர்தான் தன் போனில் இருந்து கூப்பிட்டுக் கொடுத்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. திட்டவில்லை, “பரவால்ல சாமி” என்று மட்டும் சொன்னாங்க. அது இன்னும் மனதில் இருக்கிறது.

அதனால் அடுத்த தடவை ஒரு காகிதத்தில், தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒன்று பெரியம்மா கைப்பையில், ஒன்று எங்கள் வீட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில், ஒன்று அக்காவுக்கு வாட்ஸப்பில். நீங்களும் இப்படியே எழுதலாம், முதலில் நம்ம ஊர் மணி, பக்கத்தில் அந்த ஊர் மணி:

புதன் ராத்திரி 12: வீட்டில் கிளம்புவது.
வியாழன் அதிகாலை 2: பீளமேடு.
காலை 5: விமானம்.
காலை 9: அபுதாபி (அங்கே 7:30). மாத்திரை.
மதியம் 12: இரண்டாவது விமானம் (அங்கே 10:30).
வெள்ளி அதிகாலை 2: நியூயார்க் (அங்கே வியாழன் சாயந்தரம் 4:30).
அதிகாலை 4:30: அக்கா வீடு. சேர்ந்ததும் போன் செய்யவும், தூங்காமல் இருப்போம்.